அடுத்த கொள்கலனில் நாலு கோல் போடுங்கள்

வெளிநாடுகளில் இயங்கும் வடமாகாணப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து எழுதுகிறேன். நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். கல்வி வலய மட்ட மெய்வல்லுநர் போட்டி வந்தால் நாடா பிடிக்கவும் கொடி தூக்கவும் இன்னும் கூப்பிடுகிறார்கள், நானும் போகிறேன். பெரும்பாலும் கோலூன்றிப் பாய்தல் நடக்கும் பக்கம்தான் நிற்பேன். அங்கே சில வருடங்களுக்கு முன் கண்டதைத்தான் முதலில் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

வெவ்வேறு பாடசாலைகளைச் சேர்ந்த இரண்டு பிள்ளைகள், இருவருக்கும் ஒரே கோல். முதல் பிள்ளை பாய்ந்து மெத்தையிலிருந்து இறங்கியதும் கோலைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் மற்றவளிடம் கொடுப்பாள். அவளும் அப்படியே திருப்பிக் கொடுப்பாள். சொந்தக்காரர் சம்மதித்தால் இரவல் கோலில் பாய விதி இடம் தருகிறது, அதனால் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இரண்டாவது பிள்ளை கொஞ்சம் பாரம் கூடியவள். கோலை ஊன்றி எழும்பினாள். கோல் அளவுக்கு மீறி வளைந்தது. பயத்தில் கையை விட்டவள் மெத்தைக்குப் போகாமல் ஓடுபாதையிலேயே வந்து விழுந்தாள். முழங்கை உரசி இரத்தம். தூக்கி நிறுத்தப் போன என்னிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சேர், எனக்கு இன்னொருக்காப் பாய இருக்குத்தானே?"

இருந்தது. பாய்ந்தாள். அந்த உயரத்தைத் தாண்டவில்லை.

அந்தப் பிள்ளையின் கெட்டித்தனத்தில் குறை ஒன்றும் இல்லை. கோல் பிழை. கோலூன்றிப் பாய்தலைப் பார்த்துப் பழகாத பலருக்கு இது தெரியாது. கண்ணாடி இழையால் செய்த ஒவ்வொரு கோலிலும் அது எத்தனை கிலோ பாரமுள்ளவருக்கு என்று எழுதியிருக்கும். பாரம் கூடியவர் பிடித்தால் கோல் மடிந்துவிடும், முறியவும் கூடும். பாரம் குறைந்தவர் பிடித்தால் வளையவே வளையாது, ஆளைத் திருப்பித் தள்ளிவிடும். பிள்ளை வளர வளர, ஓட்டத்தில் வேகம் கூடக் கூட, அடுத்த நீளத்துக்கும் அடுத்த இறுக்கத்துக்கும் போக வேண்டும். பதினான்கு வயதில் பிடித்த கோலைப் பதினெட்டு வயதிலும் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளை எப்படி முன்னேறுவாள்? ஓடுகிற பிள்ளைக்கு ஒரு சோடிச் சப்பாத்து வாங்கிக் கொடுத்துச் சமாளிக்கலாம். இது அப்படி இல்லை.

இனி, நீங்கள் எல்லோரும் பெருமையோடு சொல்கிற ஒரு பாடசாலையைப் பற்றி.

தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியை 1910 இல் பாவலர் துரையப்பாபிள்ளை தொடங்கினார். அவருடைய மகன் ஜெயரத்தினம் 1945 முதல் 1970 வரை அதிபராக இருந்தார். ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கூடம் நாடறிந்த கல்லூரியானது அந்த இருபத்தைந்து வருடத்தில்தான். மஹாகவி என்று பெயரெடுத்த ஈழத்துக் கவிஞர் உருத்திரமூர்த்தி அங்கே படித்தவர். என் தலைமுறையைக் கேட்டால் மகாஜனா என்றதும் தமிழையும் நாடகத்தையும் சொல்வோம். இப்போதைய பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், கோலூன்றிப் பாய்தல் என்பார்கள், பெண்கள் உதைபந்தாட்டம் என்பார்கள். எனக்கு அது பெரிய சந்தோஷம்.

நடுவில் நடந்ததை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்களில் பாதிப்பேர் ஊரை விட்டுப் போனதே அப்போதுதான். 1990 இல் போரால், தெல்லிப்பழை இருக்கும் வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்தது. ஊர்கள் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. கல்லூரியும் தன் மண்ணை விட்டு வேறு இடங்களில் வகுப்பு நடத்தியது. காங்கேசன்துறை வரை ரயில் திரும்பவும் வந்ததே 2015 ஜனவரியில்தான்.

அதற்கு அடுத்த வருடம் அதே மகாஜனாவில் படித்த ஜெகதீஸ்வரன் அனித்தா கோலூன்றிப் பாய்தலில் 3.41 மீற்றர் தாண்டினார். அது இலங்கையின் தேசிய சாதனை. 2017 இல் அவரே அதை 3.55 மீற்றராக உயர்த்தினார். 3.55 என்றால் எங்கள் ஊர் வீட்டுக் கூரைத் தாழ்வாரத்துக்கு மேலே. கொழும்பிலுள்ள வசதிகளோடு பழகிய பிள்ளைகள் இருக்க, நாட்டிலேயே அதிக உயரம் பாய்ந்த பெண் தெல்லிப்பழையிலிருந்து வந்தார். பிறகு இன்னொரு இலங்கை வீராங்கனை சச்சினி பெரேரா அந்த உயரத்தைத் தாண்டிவிட்டார், அதுவும் நல்லதுதான். ஆனால் அனித்தாவைப் பார்த்துக் கோலைக் கையில் எடுத்த பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை நான் மைதானத்தில் நின்று கண்ணால் கண்டிருக்கிறேன். அவர்களுடைய அம்மாமார் படித்த காலத்தில் பெண்களுக்கு இந்தப் போட்டி ஒலிம்பிக்கிலேயே இல்லை. 2000 ஆம் ஆண்டு சிட்னியில்தான் சேர்த்தார்கள்.

எங்கள் மண்ணுக்குப் பாய்ச்சல் புதிதும் இல்லை. 1958 இல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்தலில் தங்கம் எடுத்த எதிர்வீரசிங்கம் யாழ். மத்திய கல்லூரியின் பழைய மாணவன். ஆசிய விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. பருத்தித்துறை ஹாட்லியைப் பாருங்கள், 1838 இல் தொடங்கிய பள்ளிக்கூடம், படிப்புக்குப் பெயர்போனது. அங்கிருந்து வரும் பெடியள் இப்போது குண்டெறிதலிலும் தட்டெறிதலிலும் அகில இலங்கை மட்டத்தில் பதக்கம் எடுக்கிறார்கள். ஒரு நல்ல பயிற்றுநர் ஒரு மைதானத்தில் பத்து வருடம் நின்றால் இதெல்லாம் நடக்கும்.

சரி, உங்களிடம் கேட்க வந்ததற்கு வருகிறேன்.

ஊர்ப் பாடசாலைகளுக்கு நீங்கள் செய்ததைக் குறைத்துப் பேச நான் எழுதவில்லை. போர் முடிந்த பிறகு கூரை போட்டதும், நூலகத்துக்குப் புத்தகம் அனுப்பியதும், கணினி வாங்கித் தந்ததும் உங்கள் உழைப்புக் காசு. குளிரில் இரண்டு வேலை செய்து சேர்த்தது என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் வாசல் வளைவும் நினைவு மண்டபமும் கட்டக் காசு சேர்க்கிற வேகத்தில் மைதானத்துக்குச் சேர்ப்பது குறைவு. கட்டடத்தில் பெயர்க்கல் பதிக்கலாம், படம் எடுக்கலாம். ஒரு கோல் ஐந்தாறு வருடம் அடிபட்டுத் தேய்ந்து போய்விடும், அதில் யாருடைய பெயரும் இருக்காது. அதனால்தான் கேட்கத் தயங்கி இவ்வளவு நாள் பேசாமல் இருந்தேன்.

புதுக் கோல் ஒன்று ஐந்நூறு அமெரிக்க டொலருக்கு மேல் வரும். ஆனால் நீங்கள் வாழும் நகரங்களில் உள்ள உயர்நிலைப் பள்ளிகளும் விளையாட்டுக் கழகங்களும் பாவித்த கோல்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். உங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலேயே ஒருக்கால் விசாரித்துப் பாருங்கள். வாங்க முதல் வெடிப்போ ஆழமான கீறலோ இருக்கிறதா என்று விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். கீறல் விழுந்த கோல் பிள்ளையின் உயிரோடு விளையாடும், இனாமாகக் கிடைத்தாலும் அது வேண்டாம்.

கொண்டு வருவதுதான் பெரிய தலையிடி என்பதும் தெரியும். நாலு மீற்றர் நீளமான சாமானை விமானத்தில் ஏற்றுவது லேசில்லை. ஆனால் நீங்கள் ஊருக்குக் கொள்கலன் அனுப்புகிறீர்கள் அல்லவா? இருபதடிக் கொள்கலன் ஆறு மீற்றர் நீளம். பழைய கம்பளத்தில் சுற்றி ஒரு பக்கமாகக் கிடத்திவிட்டால் நாலைந்து கோல் இடத்தையே பிடிக்காது. இங்கிருந்து கொழும்புக்குப் போட்டிக்குக் கொண்டு போவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பஸ்ஸின் கூரையில் சாக்கால் சுற்றிக் கட்டி, விடிய விடிய முழித்திருந்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கிக் கயிறு இறுக்கிப் பார்க்கும் ஆசிரியர்கள் எங்களிடம் இருக்கிறார்கள்.

மெத்தையும் வேண்டும். மழையில் நனைந்து உறை கிழிந்து உள்ளே பஞ்சு வெளியே தெரியும் மெத்தைகளில் பிள்ளைகள் முதுகு பட விழுவதைப் பார்த்துக்கொண்டு கொடி தூக்குவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. மெத்தை பெரிய செலவு. ஒரு சங்கத்தால் முடியாவிட்டால் மூன்று நான்கு சங்கங்கள் சேருங்கள். ஒரு பாடசாலைக்கு என்று பிரிக்காமல் ஒரு வலயத்துக்கு ஒரு மெத்தை, மேலே மழைக்கு ஒரு கொட்டகை. பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் அதிலேயே பழகட்டும்.

அப்புறம் பயிற்றுநர்கள். பாடசாலை முடிந்து ஆறு மணிவரை மைதானத்தில் நின்றுவிட்டு, சொந்தக் காசில் பிள்ளைகளுக்கு முட்டையும் வாழைப்பழமும் வாங்கிக் கொடுப்பவர்களை எனக்குத் தெரியும். கேட்டால் வாய் திறக்கமாட்டார்கள். மாதம் ஒரு சிறு தொகையை நேரே அவர்களின் மைதானச் செலவுக்கு என்று ஒதுக்குங்கள். அதுவும் ஒரு விழாவுக்கு மட்டும் இல்லாமல் மூன்று வருடத்துக்காவது தொடர்ந்து வரட்டும்.

கடைசியாக ஒன்று. கோல் வாங்க முதல் இங்கே ஒரு அழைப்பு எடுங்கள். உங்கள் பாடசாலையின் விளையாட்டுப் பொறுப்பாசிரியரிடம், பாய்கிற பிள்ளைகள் எத்தனை பேர், ஒவ்வொருவரும் எத்தனை கிலோ, இப்போது எந்த உயரம் தாண்டுகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கைப் பார்த்து வாங்குங்கள். அடுத்த வலயப் போட்டி வரமுதல் வந்து சேர்ந்தால் முழங்கையில் தழும்போடு நிற்கும் ஒரு பிள்ளைக்குச் சரியான கோலை நானே கையில் எடுத்துக் கொடுப்பேன்.

அன்புடன்,
வலிகாமத்திலிருந்து ஒரு கள நடுவர்