கண்ணா, திருவான்மியூர் போய்விட்டு வந்தோம்

கண்ணா,

நேற்று செவ்வாய்க்கிழமை, நானும் அப்பாவும் பாம்பன் சுவாமிகள் சமாதிக்குப் போயிருந்தோம். திருவல்லிக்கேணியில் பறக்கும் ரயில் ஏறி திருவான்மியூரில் இறங்கி ஒரு ஆட்டோ பிடித்தோம், அவ்வளவுதான், அலைச்சல் ஒன்றும் இல்லை. பெரியம்மா வீட்டு விஷயம் ஒருவழியாக முடிந்தது, அதை அப்புறம் எழுதுகிறேன்.

சமாதிக்கு எதிரே ஒரு பாட்டி, சுவாமிகள் முருகன் மேல் பாடிய சண்முக கவசத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். புத்தகம் மடியில் மூடியே கிடந்தது, மேலே மூக்குக்கண்ணாடி. நடுவில் எனக்கு ஒரு அடி விட்டுப்போனது, அவர் குரலைப் பிடித்துக்கொண்டுதான் மறுபடி சேர்ந்தேன். நீயாக இருந்தால் விட்டிருக்க மாட்டாய். உயிர் 12, மெய் 18, எழுத்துக்கு ஒன்றாக 30 பாட்டு என்று அகர வரிசையோடு சேர்த்துத்தானே உனக்குச் சொல்லிக்கொடுத்தேன், ங வரும்போது மட்டும் நின்றுவிட்டு என் முகத்தைப் பார்ப்பாய்.

சுவாமிகள் அதை எழுதியது 1891-ல். 6,666 பாட்டு எழுதினார் என்பார்கள், ஆனால் உடம்புக்கு முடியாத வீட்டில் எல்லாம் ஒலிப்பது இந்த ஒன்றுதான், தலை முதல் கால் வரை ஒவ்வொன்றாகச் சொல்லிக் காக்கும்படி கேட்கிற பாட்டு. அவருக்கே 1923 டிசம்பரில் தம்புச் செட்டித் தெருவில் குதிரை வண்டி மோதி இடது கால் எலும்பு முறிந்துவிட்டது. அப்போது எழுபதைத் தாண்டிய வயசு, அதிலும் உப்பில்லாச் சாப்பாடு. சென்ட்ரலுக்கு எதிரே பெரியாஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தார்கள், இந்த வயசில் எலும்பு கூடாது என்று டாக்டர்கள் கையை விரித்ததாகச் சொல்வார்கள். பதினோராம் நாள் இரவு மயில்கள் ஆடக் கண்டார், கால் கூடிவிட்டது. அந்த நாளைத்தான் மார்கழியில் மயூர வாகன சேவனம் என்று கொண்டாடுகிறோம். அதற்குப் பிறகு ஐந்து வருஷத்துக்கு மேல் இருந்து 1929 மே மாதம்தான் சமாதியானார்.

எனக்கு நேற்று முழுக்க மனசில் நின்றது மயில்கூட இல்லை. அவர் படுத்திருந்தபோது அந்தக் கவசத்தை அவருக்காகச் சொன்னது ஒரு சீடர். எழுதியவருக்கே, முடியாதபோது இன்னொருவர் சொல்ல வேண்டியிருந்தது. அவரும் யாரிடமும் மறைக்கவில்லை.

சரி, நீ எப்படி இருக்கிறாய்? அங்கே இன்னும் பனி இருக்கிறதாமே, நல்ல பிடிப்புள்ள ஷூ போட்டுக்கொள். பால் குடி. வாசல் படியில் அவசரமாக இறங்காதே. வீட்டுக் கடனை நீ அடைத்ததை அப்பா இந்தத் தெருவில் சொல்லாத ஆள் இல்லை, ஆனால் அப்பா அம்மாவுக்குப் பணம் மட்டும் அனுப்பினால் போதும் என்று உனக்கு யார் சொன்னார்கள்? ஒரு மாசமாக வீடியோவில் பேசினால் தோளுக்கு மேல்தான் தெரிகிறாய். அன்றைக்கு காலிங் பெல் அடித்தது, நீ எழுந்திருக்கவில்லை, உள்ளே இருந்த ஃப்ரெண்டைக் கூப்பிட்டாய். உனக்குப் பின்னால் சுவரோரம் ஏதோ சாய்த்து வைத்திருந்தது, கைப்பிடிக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ரப்பர். குடை என்று அப்பா சொன்னார். அவர் அப்படித்தான் சொல்வார், ஆனால் சமாதியில் என்னைவிட அதிக நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவரும் அவர்தான்.

சின்னதிலிருந்தே விழுந்தால் மண்ணைத் தட்டிவிட்டு, ஒன்றுமில்லை என்று சிரித்துக்கொண்டே வருகிற பிள்ளை நீ. அதை நான் பெருமையாகத்தான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். இப்போது அந்தச் சிரிப்பைப் பார்த்தால் சாப்பாடு இறங்கவில்லை. பால் குடி, கால்சியம் மாத்திரை கொடுத்திருந்தால் விடாமல் போடு, சொன்ன நாள் வரைக்கும் கீழே ஊன்றாதே.

எந்தக் கால் கண்ணா? டாக்டர் என்ன சொன்னார்? கட்டா, ஆபரேஷனா? அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றால் எனக்கு மட்டும் எழுது, எழுத முடியாவிட்டால் போன் பண்ணு, எத்தனை மணியானாலும் எடுப்பேன். என் பாஸ்போர்ட் 2029 வரைக்கும் இருக்கிறது, விசாவுக்கு என்னென்ன பேப்பர் வேண்டும் என்று மட்டும் அனுப்பிவிடு.

அம்மா