டிக்கட் வெட்டும் முன் இரண்டு நாள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாரிசவாதம் வந்தவரையும் மோட்டார் சைக்கிளில் விழுந்து மண்டை அடிபட்டவரையும் வைத்தியசாலை உயிரோடு டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. அவர் போய்ச் சேர்வது படுவான்கரையிலோ நிந்தவூரிலோ திருக்கோவிலிலோ உள்ள ஒரு வீட்டு விறாந்தைக்கு. அங்கே தாதி என்பது ஒரு மகள் அல்லது மருமகள்தான். மூக்கில் ஒரு குழாய், சலத்துக்கு ஒரு குழாய், தூக்க முடியாத ஒரு கை, பை நிறைய மாத்திரை, ஆங்கிலத்தில் எழுதிய டயக்னோசிஸ் கார்ட். இவ்வளவையும் அவளிடம் ஒப்படைத்து, அடுத்த நோயாளிக்குக் கட்டில் தேவைப்படுகிற அவசரத்தில், பதினைந்து நிமிடத்தில் விளக்கிவிட்டு வாகனத்தில் ஏற்றுகிறோம். இரண்டு மூன்று கிழமையில் அதே ஆள் நெஞ்சில் சளியும் காய்ச்சலும் இடுப்பில் புண்ணுமாகத் திரும்பி வந்தால், 'வீட்டில் ஒழுங்காகப் பார்க்கவில்லை' என்று சொல்வது லேசு. பார்க்கிற விதத்தைக் காட்டிக் கொடுத்தோமா? குறை தாதியரான எங்கள் பக்கத்திலும் இருக்கிறது என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் சாப்பாடு. கெட்டுப்போகிற காரியங்களில் முக்கால்வாசி இங்கேதான் தொடங்குகிறது. மூளை அடிபட்டவருக்குக் கை கால் மாதிரியே விழுங்குகிற தசையும் தளர்ந்திருக்கலாம். அப்படிப்பட்டவருக்குச் சோற்றைவிடத் தேத்தண்ணி ஆபத்து. தண்ணியானது நாக்கில் நிற்காமல் ஓடும். மூச்சுக்குழாயின் வாய் மூடுவதற்குள் உள்ளே இறங்கிவிடும். 'வாய் காய்ஞ்சு கிடக்கு, ஒரு மடக்குக் குடுங்க' என்று பார்க்க வந்தவர் சொல்ல, படுத்திருப்பவரின் வாயில் ஊற்றுகிற அந்தத் தேத்தண்ணிதான் மூன்றாம் நாள் நியூமோனியா. புரையேறி இருமினாலாவது தெரிந்துவிடும். இருமலே இல்லாமல் உள்ளே விடுகிறவர்களும் உண்டு. விழுங்கிய பிறகு குரல் ஈரமாக, கொழகொழவென்று கேட்பது, சாப்பிட்டு முடியும்போது மூச்சு வேகமாவது, காரணம் புரியாமல் திரும்பத் திரும்பக் காய்ச்சல் வருவது ஆகியவற்றைக் கண்டால் வாயால் கொடுப்பதை நிறுத்திவிட்டுக் காட்ட வேண்டும்.

வாயால் கொடுக்கலாம் என்று சோதித்துச் சொல்லப்பட்டவருக்கும் முறை உண்டு. ஆள் நன்றாக விழித்திருக்க வேண்டும். முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்ந்து இருத்தி, நாடியைச் சற்றுக் கீழே தாழ்த்தச் சொல்ல வேண்டும். தேக்கரண்டியால் ஒரு வாய். தொண்டைக் குமிழ் ஏறி இறங்குவதைக் கண்ணால் கண்ட பிறகே அடுத்த வாய். அண்ணாந்து குடிக்க விடக்கூடாது. நம்முடைய பிட்டு இந்த நோயாளிக்கு ஆகாத சாப்பாடு. உதிர்ந்து உதிர்ந்து தொண்டையில் சிதறும். இடியப்பத்தில் சொதியை மிதக்க ஊற்றுவதும் சரியில்லை, ஏனென்றால் இடியப்பம் வாயில் நிற்கச் சொதி மட்டும் முந்திக்கொண்டு ஓடும். குழைந்த சோற்றைப் பருப்போடு ஒரே பதமாக மசித்துக் கொடுப்பதே நல்லது. முடிந்ததும் டோர்ச் அடித்துப் பாருங்கள். செயலிழந்த பக்கக் கன்னத்துக்குள் ஒரு கவளம் அப்படியே ஒதுங்கிக் கிடக்கும். அது அவருக்குத் தெரியாது. படுக்கப் போட்டதும் அது தொண்டைக்கு வரும்.

மூக்குக் குழாயால் கொடுப்பவர்கள் பார்க்க வேண்டியது மூக்கு நுனியில் குழாயிலுள்ள அடையாளத்தை. வாட்டில் போட்டுவிட்ட அடையாளம் வெளியே நகர்ந்திருந்தால் ஒரு துளி தண்ணீர்கூட விடக்கூடாது. அடையாளம் சரியாக இருந்தாலும் சிரிஞ்சால் மெதுவாக இழுத்து, இரைப்பை நீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். காற்றை அடித்து வயிற்றில் சத்தம் கேட்டுப் பார்க்கிற பழைய முறையை நம்பாதீர்கள். குழாய் நெஞ்சுக்குள் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கும். தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும். சாய்க்க முடியாத கட்டிலானால் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து, மேலே தலையணையும் கொடுங்கள். 30 மில்லிலீற்றர் தண்ணீர் விட்டு, பிறகு 200 தொடக்கம் 250 மில்லிலீற்றர் உணவு, கடைசியில் மறுபடி 30 மில்லிலீற்றர் தண்ணீர். 50 மில்லிலீற்றர் சிரிஞ்சின் தண்டைக் கழற்றிவிட்டு வெறும் உருளையாகப் பிடித்தால், உணவு தன் பாரத்தில் 15, 20 நிமிடத்தில் இறங்கும். தண்டைப் போட்டு அமுக்கினால் வாந்தி வரும், வாந்தி நெஞ்சுக்குள் போகும். கொடுத்து முடிந்து ஒரு மணித்தியாலம் தலையை இறக்கக்கூடாது. குழாய் கழன்றுவிட்டால் வீட்டில் யாரும் திரும்பத் தள்ள வேண்டாம்.

இன்னொன்று, வடித்த கஞ்சித் தண்ணி. குழாய் அடைக்காது என்று இதையே ஒரு மாதம் கொடுக்கிறார்கள். ஆள் கண் முன்னே மெலிந்துகொண்டே போகிறார். புரதமில்லாத உடம்பில் புண் ஆறாது. பருப்பு, பயறு, அவித்த முட்டை, முள் நீக்கிய மீன், பால்மா, ஒரு கரண்டி எண்ணெய் ஆகியவற்றில் வீட்டுக்கு முடிந்ததைச் சேர்த்து அரைத்து, மெல்லிய வடியில் இரண்டு முறை வடித்தால் குழாயில் இறங்கும். நீரிழிவு, சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு அளவைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். நம் ஊர் வெக்கையில் அரைத்ததை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்க முடியாது. குழாயால் சாப்பிடுகிறவர் வாயை அசைப்பதில்லை என்பதால் அவர் வாயைத் துலக்க வேண்டியதில்லை என்று ஒரு நினைப்பு உண்டு. உண்மை நேர்மாறு. காலையும் இரவும் மெல்லிய பிரஷ்ஷால் பல்லும் நாக்கும் துலக்க வேண்டும். அந்த அழுக்கு எச்சிலோடு இறங்குவதுதான் நெஞ்சில் கிருமியாகிறது.

மாத்திரை விஷயமும் குழாயோடு சேர்ந்தது. ஒவ்வொன்றையும் தனித்தனியே மாவாக அரைத்து, தண்ணீரில் கரைத்து, இடையில் தண்ணீர் விட்டுக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாக இடித்தால் குழாய் அடைக்கும். நீண்ட நேரம் மெதுவாக வேலைசெய்யும்படி செய்த மாத்திரைகளை அரைக்கவே கூடாது. ஒரு நாளைக்குரிய மருந்து ஒரே நேரத்தில் இரத்தத்தில் ஏறும். வலிப்புக்குக் கொடுக்கும் சோடியம் வல்புரோயேற்றில் அப்படி ஒரு வகை இருக்கிறது, கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு வலிப்பு மருந்தான பெனிட்டோயின் குழாய் உணவோடு சேர்ந்தால் உடம்பில் சரியாக ஏறாது. அதற்கு முன்னும் பின்னும் உணவை எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதை வாட்டில் எழுதித் தர வேண்டும். எழுதித் தராததால், மருந்தைத் தவறாமல் கொடுத்த வீட்டிலும் வலிப்பு வருகிறது.

அந்த வலிப்பு வந்தால் கையில் திறப்புக் கோர்வையைத் திணிப்பதும் பல்லுக்கிடையில் கரண்டி விடுவதும் இன்னும் ஓயவில்லை. இரும்பால் வலிப்பு நிற்பதில்லை. அது ஓரிரு நிமிடத்தில் தானாக ஓய்கிற வலிப்பு, பெயர் திறப்புக்குப் போகிறது. கரண்டியால் உடைவது பல். ஆளை ஒருக்களித்துக் கிடத்தி, கழுத்துப் பித்தானைக் கழற்றி, மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலோ 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள். 'இப்ப வலிப்பு வாறதில்லையே' என்று மாத்திரையை நிறுத்துவது, அந்த வலிப்பைக் கூப்பிட்டு அழைப்பது.

படுக்கைப் புண்ணுக்கு வருவோம். புத்தகத்தில் 'தோல் சிவக்கும்' என்று இருக்கும். நம் நிறத்தில் சிவப்பு தெரியாது. பக்கத்துத் தோலைவிடக் கறுத்து, தொட்டால் சூடாக அல்லது கல் மாதிரி இறுகியிருக்கும் இடத்தைத் தேடுங்கள். நடு இடுப்பின் பின் எலும்பு, தொடை மூட்டு, குதிக்கால், காது மடல், பிடரி. தினமும் குளிப்பாட்டி முடிந்ததும் இவற்றைப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, ஸ்பிரிட் பூசக் கூடாது. உள்ளே நசுங்கியிருக்கிற சதை தேய்ப்பில் கிழியும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும் என்கிறோம். தனியாகப் பார்க்கிற ஒரு பெண்ணுக்கு இரவு முழுக்க அது முடியாது என்பதும் தெரியும். நல்ல மெத்தையும் மாறாத தோலும் இருந்தால் இரவில் நான்கு மணித்தியாலம் வரை விடலாம். காலையில் தோல் நிறம் மாறியிருந்தால் அந்த இடைவெளி அவருக்குப் போதாது. சரித்துப் படுக்க வைக்கும்போது நேர் பக்கவாட்டில் நிறுத்தாமல், முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 பாகை மட்டும் சரித்தால் தொடை எலும்பு தப்பும்.

இரண்டு வழக்கங்களை நிறுத்தச் சொல்கிறோம். ஒன்று, இடுப்புக்குக் கீழே வைக்கும் ரப்பர் வளையம்: நடு இடம் தொங்க, சுற்றிலும் அமுங்கி, இரத்தம் நடுவுக்குப் போகாமல் போகும். மற்றது, குதிக்காலுக்குக் கீழே தண்ணீர் நிரப்பிய கையுறை. இதை வாட்டுகளிலிருந்தே வீட்டார் கற்றுக்கொண்டு போகிறார்கள். அந்தச் சிறிய பை பாரத்தைப் பரப்புவதில்லை. கெண்டைக்காலின் நீளத்துக்கு ஒரு தலையணை வைத்து, குதிக்கால் அந்தரத்தில் நிற்கும்படி விட்டால் போதும்; காசும் இல்லை.

செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. தசை தளர்ந்த தோளில் மூட்டு வெறும் நாரில் தொங்கிக்கொண்டிருக்கும். இரண்டு தரம் இழுத்தால் விலகும். பிறகு அந்த வலியில் ஆள் பயிற்சிக்கே மறுப்பார். தூக்கும்போது கையைத் தொடாமல் தோள்பட்டையின் பின்புறத்தையும் இடுப்பையும் பிடிக்க வேண்டும். சட்டை போடும்போது நோயுள்ள கை முதலில், கழற்றும்போது கடைசியில். இருத்தினால் அந்தக் கை மடியில் தலையணை மேல் இருக்க வேண்டும்.

சலக்குழாயில் மாட்டிய பை பற்றிச் சுருக்கமாக: எப்போதும் இடுப்புக்குக் கீழே, நிலத்தில் படாமல். முச்சக்கர வண்டியில் ஏற்றும்போது மடியில் வைத்துவிடுகிறார்கள். பையிலுள்ள பழைய சலம் திரும்ப உள்ளே ஓடும். குழாய் மாற்றும் திகதி எழுதப்பட்டிருக்க வேண்டும்.

தலை அடிபட்டு, ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று அன்றே அனுப்பப்பட்டவர்களையும் மறக்கக் கூடாது. முதல் 48 மணித்தியாலம் ஒருவர் கூட இருக்க வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டு போகும் தலைவலி, எழுப்பினாலும் சரியாக எழும்பாத தூக்கம், காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர், ஒரு பக்கம் சோர்வு, வலிப்பு ஆகியவற்றில் ஒன்று போதும், உடனே திரும்பி வாருங்கள். 'குடிச்சிருக்கான், தூங்கட்டும்' என்று விட்ட தூக்கம் சிலவேளை மண்டைக்குள் இரத்தம் கட்டுகிற தூக்கம். வயதானவர்களுக்கு, குறிப்பாக இரத்தம் இளக்கும் மருந்து குடிப்பவர்களுக்கு, குளியலறையில் சறுக்கிய சின்ன அடிகூட மூன்று நான்கு கிழமைக்குப் பிறகு தடுமாற்றமாகவும் மறதியாகவும் வெளிப்படலாம். வயதின் கோளாறு என்று தள்ளிவிடாதீர்கள்.

வாட்டில் நாங்கள் ஒவ்வொரு மணித்தியாலமும் எழுப்பி, பெயர் கேட்டு, தோளைக் கிள்ளுவதைப் பார்த்து உறவினர் கோபப்படுவதுண்டு. அது நினைவு எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று அளக்கும் கிளாஸ்கோ அளவை. 1974 முதல் உலகம் முழுக்க இருக்கிறது. கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15. ஒன்றுமே இல்லாதவருக்கும் 3 உண்டு. எட்டோ அதற்குக் கீழோ என்றால் மூச்சுப்பாதையைத் தானாகக் காத்துக்கொள்ள முடியாதவராகக் கருதுகிறோம். 14 ஆக இருந்தவர் 12 ஆனால் வைத்தியரை உடனே கூப்பிடுகிறோம். கிள்ளாமல் விட்டால் அந்த இறக்கம் தெரியாது. தலையை நேராக, கழுத்தை மடங்காமல் வைப்பதும் இதே கவலையால்தான். கழுத்து திரும்பியிருந்தால் மூளையிலிருந்து இரத்தம் இறங்கும் நாளம் நெரிபட்டு உள்ளே அழுத்தம் ஏறும். உறவுகள் ஆசையாகக் கொண்டுவரும் உயரத் தலையணை நாடியை நெஞ்சில் முட்ட வைக்கும். அதைத்தான் எடுத்துவிடச் சொல்கிறோம், கட்டிலின் தலைப்பக்கத்தை அல்ல.

நினைவு திரும்பும் நாட்களில் சிலர் ஏசுவார்கள், அடிக்கக் கையோங்குவார்கள், குழாயைப் பிடுங்குவார்கள். செய்வினையும் இல்லை, பேயும் இல்லை; மூளையின் முன்பக்கம் அடிபட்டதன் குணம். நூல் கட்டுகிறவர்கள் கட்டட்டும், ஆனால் அந்த அறையில் தொலைக்காட்சியை நிறுத்தி, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும், சின்னச் சின்ன வசனமாகப் பேசுங்கள். கையைக் கட்டிலில் கட்டும் முன், சலக்குழாய் மடங்கி அடைத்திருக்கிறதா, மலம் போய் எத்தனை நாள் என்று பாருங்கள்.

எங்கள் கோரிக்கைக்குப் புதுக் கட்டடமோ இயந்திரமோ தேவையில்லை. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் வைத்தியசாலைகளில் குழாயோடு வீடு செல்லும் ஒவ்வொரு நோயாளிக்கும், டிக்கட் வெட்டுவதற்கு முன் இரண்டு நாள், வீட்டில் உண்மையில் பார்க்கப் போகிற ஆளை வாட்டுக்குள் எடுக்க வேண்டும். கையெழுத்துப் போட வருகிற அண்ணனையோ மாமாவையோ அல்ல. குழாயில் உணவு, திருப்பிப் படுக்க வைத்தல், கதிரைக்கு மாற்றுதல் மூன்றையும் நாங்கள் ஒருமுறை செய்து காட்ட, அவர் மூன்று முறை எங்கள் முன்னே செய்ய வேண்டும். கையில் கொடுத்து அனுப்ப ஒரு பக்கத் தமிழ்த் தாள் வேண்டும்: குழாயின் அடையாளம் எத்தனையாவது சென்ரிமீற்றரில், இரண்டு குழாய்களும் மாற்றும் திகதி, எந்த மாத்திரையை அரைக்கக் கூடாது, ஒரு நேரத்துக்கு எத்தனை மில்லிலீற்றர், சந்தேகம் வந்தால் வாட்டின் எந்த இலக்கத்துக்கு அழைப்பது. அதன் பிரதி ஒன்று அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அன்றே போக வேண்டும். முதல் கிழமைக்குள் யாராவது ஒருவர் அந்த வீட்டுக்குப் போய், குதிக்காலையும் இடுப்பையும் ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
நரம்பியல், தலைக்காய நோயாளர் பராமரிப்பில் பணிபுரியும் தாதியர் சிலர்,
மட்டக்களப்பு.