முதலில் செட்டைகளை எண்ணுங்கள்

ஒட்டுசுட்டான்,
பங்குனி மாதம்.

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படம் கிடைத்தது. மார்ச் பிறந்தவுடனேயே உங்கள் குளிர்நாட்டுத் தோட்டத்துக்குத் தேனீ வந்துவிட்டது என்றும், அது கொட்டிவிடுமோ என்று பேரன் பிரிம்ரோஸ் பூக்களின் பக்கமே போக அஞ்சுகிறான் என்றும் எழுதியிருந்தாய். அவனிடம் தாத்தா சொன்னதாகச் சொல்: அது தேனீ அன்று, தேனீ வேடமிட்ட ஓர் ஈ. அது எவரையும் கொட்டாது. முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் ஊசி போன்ற உறுப்பு பூந்தேனை உறிஞ்சுவதற்கு மட்டுமே உரியது.

இதை நான் எப்படி அறிந்தேன் என்று அவன் கேட்பான். தேனீக்கு நான்கு செட்டைகள் உண்டு. ஈக்கு இரண்டே இரண்டு. பின்செட்டைகள் இருக்கவேண்டிய இடத்தில் குண்டூசித் தலை போன்ற இரு சிறு தண்டுகள் இருக்கும். பறக்கும்போது சமநிலை தவறாமல் அவை காக்கின்றன. ஆனால் தேனீயின் முன்செட்டையும் பின்செட்டையும் பறக்கையில் கொக்கிகளால் இணைந்து ஒன்றாகவே தெரிவதால், செட்டையை மட்டும் நம்பாமல் உணர்கொம்பையும் பார்க்க வேண்டும். தேனீயினுடையது நீண்டு வளைந்திருக்கும்; இந்த ஈயினுடையதோ கண்ணுக்கு எளிதில் படாத அளவு குட்டையானது. உன் படத்தில் செட்டையின் முன்விளிம்பு முழுவதும் கரும்பழுப்பாக இருப்பதையும், மெல்லிய நீண்ட கால்களையும் கண்ட பிறகு எனக்கு ஐயமே இல்லை. அதன் விஞ்ஞானப் பெயர் பொம்பீலியஸ் மேஜர்.

படத்தைக் காட்டினால் பூச்சியின் பெயரைச் சொல்லும் கைபேசிச் செயலிகளை நான் குறை சொல்லவில்லை. அவை பெயரைச் சட்டென்று சொல்லிவிடுகின்றன. ஆனால் பெயர் கிடைத்தவுடன் பார்ப்பதை நிறுத்திவிடுவதுதான் எனக்குப் பிடிக்காத பழக்கம். இந்த ஈ, கூட்டமாக வாழாமல் தனித்தனியே மண்ணில் வளைதோண்டும் தேனீக்களின் வளைவாயிலுக்கு மேல் அந்தரத்தில் நின்று, தூசு பூசிய முட்டைகளைத் துளைக்குள் உதறிவிடும். பொரித்து வரும் புழு தேனீயின் குஞ்சுகளைத் தின்று வளரும். எனவே அந்த ஈ உங்கள் வளவில் திரிகிறதென்றால், அருகே எங்கோ அத்தேனீக்களும் இருக்கின்றன என்றுதான் கொள்ள வேண்டும்.

இந்நாட்களில் அங்கே நிலத்தை ஒட்டி வளைந்து வளைந்து பறக்கும் பருத்த, மயிரடர்ந்த பம்பிள்பீ என்ற தேனீ வகையைக் கண்டால், அது பெரும்பாலும் இராணியாகவே இருக்கும். சென்ற ஆண்டு இலையுதிர் காலத்துக்கு முன் இணைசேர்ந்த இராணி மட்டுமே குளிர்காலத்தை மண்ணுக்குள் உறங்கிக் கழித்து, எலி விட்டுச்சென்ற வளை போன்ற இடத்தைக் கூடுகட்டத் தேடுகிறது. வேலைக்காரத் தேனீக்கள் பின்னரே பிறக்கும். நெஞ்சறை ஏறத்தாழ 30 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறாமல் அதனால் பறக்க முடியாது என்பதால், செட்டைகளை அசைக்காமலே பறப்புத் தசைகளை நடுங்கச் செய்து தன்னைத் தானே சூடாக்கிக்கொள்ளும். விடியலில் அசையாமல் கிடந்தால் இறந்துவிட்டது என்று எண்ணி எறிந்துவிட வேண்டாம்.

அங்கே பூச்சிகளை எழுப்புவது வெப்பம். இங்கே வன்னியில் நீர். ஐப்பசி, கார்த்திகை மழையோடுதான் எங்களுக்குப் பூச்சிகள் பெருகும். இப்போது காலபோக நெல் அறுவடை முடிந்து, குளத்து நீர் இறங்கிக்கொண்டிருக்கிறது. முத்தையன்கட்டுக் குளத்துப் பக்கம் ஈரமண்ணில் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் கூடியிருந்து உப்பை உறிஞ்சுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஆண்கள். (யானைப் பயத்தால் வெயில் ஏறிய பின்தான் போகிறேன்; கவலைப்பட வேண்டாம் என்று அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.) அந்த வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் கொன்றை, ஆவரசு இலைகளைத் தின்பவை. அங்கே முதல் வெயிலில் பறக்கும் பிரிம்ஸ்டோன் என்ற மஞ்சள் வண்ணத்துப்பூச்சியும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததே. அது குளிர்காலம் முழுவதும் இலைகளுக்கிடையே ஒடுங்கிக் கிடந்து வெளிவருகிறது. இரண்டுமே உட்கார்ந்தவுடன் செட்டைகளை மூடிக்கொள்வதால், மேற்புறத்தைப் படம்பிடிக்கப் பேரன் வீணாகக் காத்திருக்க வேண்டியதில்லை.

வேடம் போடுவது உங்கள் ஊர் ஈக்கு மட்டும் உரிய தந்திரம் அன்று. நம் வளவில் தேசிமரத்தையும் கறிவேப்பிலையையும் சுற்றும் ஒரு கரிய வண்ணத்துப்பூச்சியின் பெண்களுள் சில, நஞ்சுடைய வேறொரு வண்ணத்துப்பூச்சியைப் போலவே கருமையில் சிவப்பு வடிவங்களைக் கொண்டிருக்கும். அந்த நஞ்சு, புழுப் பருவத்தில் ஆடுதின்னாப்பாளை இன இலைகளைத் தின்பதால் உடலில் சேர்வது. ஒருமுறை சுவைத்த பறவை இரண்டையுமே விட்டுவிடும். உடலைப் பார்த்தால் வேறுபாடு தெரியும்: நஞ்சுடையதன் உடல் சிவப்பு, வேடதாரியின் உடல் கறுப்பு. பள்ளியில் படிப்பித்த காலத்தில் பிள்ளைகள் இதைக் கண்டுபிடித்தவுடன் கூச்சலிட்டதே எனக்கு மிகவும் பிடித்த பாடம்.

அடுத்த படத்தை மேலிருந்து ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாக எடுத்து, அது எந்தப் பூவில் இருந்தது என்றும் எழுதி அனுப்பு. வெறுமையான மண்ணிலோ புல்தரையிலோ சின்னஞ்சிறு மண்குவியலுடன் துளைகள் இருக்கின்றனவா என்றும் பேரனைத் தேடச் சொல். அத்துளைகளை உன் வீட்டுக்காரர் மண்போட்டு மூடிவிடாமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா