சொல்லிவிட்டுச் செய்யுங்கள், நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள்

இராமேசுவரம் தீவிலும், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி பக்கமும், வடக்கே தேவிபட்டினம், தொண்டி வரையிலும் பெண்நோய்ப் பிரிவில் வேலை பார்க்கிற மருத்துவர்களுக்கும் செவிலியர் சகோதரிகளுக்கும் வணக்கம்.

பாம்பன் பக்கம் ஒரு மகளிர் குழுவில் இருக்கிறேன். ஊரில் யாராவது ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகப் பயந்தால் துணைக்கு என்னைக் கூப்பிடுவார்கள். அதனால் உங்கள் அறைகளுக்கு வெளியே கிடக்கிற பெஞ்சுகளை எனக்கு நன்றாகத் தெரியும். அங்கே உட்கார்ந்து பார்த்ததையும் கேட்டதையும் வைத்துத்தான் இந்த மடல். உங்கள் வேலைப்பளு தெரியாமல் எழுதவில்லை. ஒரு காலையில் எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள், எத்தனை மணிக்குச் சாப்பிடப் போகிறீர்கள் என்பதையும் அதே பெஞ்சிலிருந்துதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மயக்கம் கொடுக்காமல், நாங்கள் விழித்திருக்கும்போதே நீங்கள் செய்கிற காரியங்களைப் பற்றிப் பேச வேண்டும். காப்பர்-டி போடுவது, கர்ப்பப்பை வாயில் சோதனைக்குச் சதை எடுப்பது, கர்ப்பப்பையின் உள்சவ்வில் பயாப்சி எடுப்பது, குழந்தை தங்காதவர்களுக்குக் கருக்குழாயில் மருந்து விட்டு எக்ஸ்ரே எடுப்பது. எல்லாம் சில நிமிட வேலை. இதற்கெல்லாம் முழு மயக்கம் வேண்டியதில்லை என்று நீங்கள் சொல்வது நியாயம். மயக்க மருந்துக்கும் ஆபத்து உண்டு, மயக்க மருத்துவர் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. நான் மயக்கம் கேட்கவில்லை. எங்கள் பயத்தையும் வலியையும் சிகிச்சையின் ஒரு பகுதியாக நடத்துங்கள் என்று கேட்கிறேன்.

என் மதினிக்கு மாதவிலக்கு நின்று சில வருஷம் ஆகிவிட்டது. போன வருஷம் திடீரென்று ரத்தம் பட்டது. ஸ்கேனில் உள்சவ்வு தடித்திருக்கிறது, பயாப்சி எடுக்க வேண்டும் என்றார்கள். மதினி கருவாட்டு வேலை செய்கிறவர், வெயிலுக்கும் உப்புக்கும் அஞ்சாதவர். ஆனால் பக்கத்து வீட்டுப் பெண் தனக்கு நடந்ததைச் சொல்லியிருந்தார்: கத்தக் கத்த இரண்டு பேர் காலைப் பிடித்துக்கொண்டார்கள் என்று. அதைக் கேட்டதிலிருந்து மதினி தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். மீன்பிடித் தடைக்காலம் முடியட்டும் என்றார், அப்புறம் திருவிழா முடியட்டும் என்றார். கடைசியில் நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

முதலில் போன இடத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை. "ஏறிப் படுங்க, காலை அகட்டுங்க" அவ்வளவுதான். இரும்பு உள்ளே போனதும் மதினி உடம்பை இறுக்கிக்கொண்டார். "நாலு பிள்ளை பெத்தவதானே, இதுக்கு என்ன ஆர்ப்பாட்டம்?" என்ற குரல் வெளியே இருந்த எனக்கும் கேட்டது. பாதியில் எழுந்து வந்துவிட்டார். சோதனை நடக்கவில்லை. பஸ்ஸில் மண்டபம் தாண்டும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். ஏனென்றால் இந்தக் கரையில் எந்த ஊருக்குப் போனாலும் பெண்கள் அதைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள். பிள்ளை பெற்றவளுக்கு இது வலிக்காது என்பது மருத்துவப்படியே சரியில்லை என்று உங்களுக்கே தெரியும். மாதவிலக்கு நின்ற பிறகு உள்ளே வறண்டு போகிறது, கர்ப்பப்பை வாய் சுருங்கி இறுகிவிடுகிறது. முப்பது வருஷத்துக்கு முன்னால் நாலு பிள்ளை அந்த வழியாக வந்திருக்கலாம், இன்றைக்கு அந்த வழி அப்படி இல்லை. எல்லாப் பிள்ளையும் ஆபரேஷனில் பிறந்த பெண்ணுக்குக் கர்ப்பப்பை வாய் ஒரு தடவைகூட முழுதாகத் திறக்காமலே இருந்திருக்கலாம். மாதாமாதம் தீட்டு வலியில் சுருண்டு படுக்கிறவளுக்கும் இந்தச் சோதனை மற்றவர்களைவிட அதிகமாக வலிக்கக்கூடும். ஒருத்திக்கு லேசான இழுப்பு, இன்னொருத்திக்குத் தாங்க முடியாத வலி, இரண்டும் உண்மை. மேசையில் படுத்திருக்கிறவளின் வலி எவ்வளவு என்பதை அவள் மட்டும்தான் சொல்ல முடியும்.

பயத்தைப் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். பயந்தால் இடுப்புக்குக் கீழே உள்ள தசையெல்லாம் தானாக இறுகும். இறுகினால் கருவி போகும்போது வலிக்கும், வலித்தால் இன்னும் இறுகும். எங்கள் பக்கம் பாசி எடுக்கப் போகிற பெண்கள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் ஒட்டியிருப்பதைப் பறித்து வருகிறவர்கள். கஷ்டம் வந்தால் மூச்சைப் பிடிப்பது அவர்களுக்குப் பழகிப்போன காரியம். உங்கள் மேசையிலும் அதையேதான் செய்கிறார்கள், இங்கே அதுதான் கெடுதலாகிறது. மூச்சைப் பிடித்தால் வயிறும் அடித்தசையும் கல்லாகிவிடும். "மெதுவா மூச்சை வெளியே விடுங்க, தாடையைத் தளர விடுங்க, இடுப்பை மேசையில அழுத்திப் படுங்க" என்று பக்கத்தில் நின்று ஒரு சிஸ்டர் சொன்னால் போதும், அந்தப் பெண் செய்துவிடுவாள். "டைட் பண்ணாதே" என்று அதட்டினால் அவளால் முடியாது, யாராலும் முடியாது.

மதினிக்குப் பயாப்சி நடந்தது, வேறு ஒரு மருத்துவமனையில். அங்கே அந்த டாக்டரம்மா செய்ததை எழுதுகிறேன், செலவில்லாத காரியங்கள் எத்தனை இருக்கின்றன என்று தெரிய வேண்டும். உடுப்பை மாற்றச் சொல்வதற்கு முன்னால் நாற்காலியில் உட்கார வைத்துப் பேசினார். சதை எடுக்கிற குழாயைக் கையில் கொடுத்தார். பிளாஸ்டிக், ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். மதினி அதுவரை கத்தரிக்கோல் மாதிரி ஏதோ ஒன்றைக் கற்பனை செய்து வைத்திருந்தார். "வலிக்கும்மா. தீட்டு வலி பலமா வர்ற மாதிரி இருக்கும். சிலருக்கு அதைவிடக் கூடவும் இருக்கும். குழாய் உள்ள இருக்கிறது ஒரு நிமிஷம் போல. நீங்க கையைத் தூக்கினா நான் நிறுத்திடுவேன். இன்னைக்கு வேணாம்னா இன்னொரு நாள் மயக்கம் கொடுத்துச் செய்யவும் வழி இருக்கு" என்றார். வலிக்கும் என்று சொன்னதைக் கேட்டு மதினி பயப்படவில்லை, நிமிர்ந்து உட்கார்ந்தார். என்னையும் தலைமாட்டில் நிற்க விட்டார். மதினி ஒரு தடவை கையைத் தூக்கினார், டாக்டரம்மா நிறுத்தினார், கொஞ்ச நேரம் கழித்து மதினியே "சரி, செய்யுங்க" என்றார். வலித்ததா என்றால் வலித்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் நடந்து முடிந்தது. முடிவில் புற்றுநோய் இல்லை என்று வந்தது.

இருந்திருந்தால்? மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் படுகிறவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் இருக்கலாம். சீக்கிரமே ரத்தத்தைக் காட்டி எச்சரிக்கிற நோய் அது. ஆரம்பத்தில் பிடித்தால் பெரும்பாலும் ஆபரேஷனோடு குணமாகிவிடும். அந்த எச்சரிக்கை கிடைத்தும் பயத்தால் மாதக்கணக்கில் வீட்டிலேயே இருந்துவிடுகிற பெண்களை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனையும் இப்படித்தான். 2030க்குள் நூற்றுக்கு 70 பெண்களையாவது 35 வயதிலும் 45 வயதிலும் சோதித்துவிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. நம் மாநிலத்திலும் 30 வயதிலிருந்தே கூப்பிடுகிறீர்கள். ஆனால் ஒருத்திக்கு மேசையில் நடந்தது அன்று சாயங்காலமே குழாயடியில் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அடுத்த முகாமுக்கு அந்தத் தெருவிலிருந்து யாரும் வரமாட்டார்கள்.

மருந்து விஷயத்துக்கு வருகிறேன். வலி மாத்திரை வேலை செய்ய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். பல இடங்களில் மாத்திரையே தருவதில்லை, தந்தாலும் எல்லாம் முடிந்து வெளியே வரும்போது சீட்டில் எழுதித் தருகிறார்கள். நாங்கள் டோக்கன் வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்துதானே இருக்கிறோம். வயிற்றுப்புண், ஆஸ்துமா, கிட்னிக் கோளாறு, மாத்திரை ஒவ்வாமை உண்டா என்று கேட்டுவிட்டு அந்த நேரத்திலேயே கொடுத்துவிடலாமே. அதற்கு வெறும் வயிற்றோடு வரக்கூடாது என்பதையும் முந்தின தடவையே சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் என்று நினைத்துக்கொண்டு இராமேசுவரத்திலிருந்து இராமநாதபுரம் வரை 55 கிலோமீட்டர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வருகிறார்கள். கர்ப்பப்பை வாயைத் தொட்டதும் சிலருக்கு நாடி இறங்கி, வேர்த்து, கண் இருட்டும். பட்டினியோடு வந்தவளுக்கு மயக்கம் இன்னும் எளிதாக வந்துவிடும். அதைப் பார்த்து "நடிக்கிறா" என்று ஒருவர் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்.

மாத்திரை கர்ப்பப்பை சுருங்குகிற வலிக்கும், பிறகு வருகிற இழுப்புக்கும் உதவும். கிடுக்கியால் கர்ப்பப்பை வாயைப் பிடிக்கும்போது சுரீரென்று வருகிற வலிக்கு அது போதாது. அதற்கு அந்த இடத்தை மரத்துப்போகச் செய்கிற லிக்னோகெயின் இருக்கிறது, தெளிக்கவும் தடவவும் ஊசியாகப் போடவும் முடியும். காயத்துக்குத் தையல் போடுகிற எந்தச் சுகாதார நிலையத்திலும் இருக்கிற மலிவான மருந்து. பல் பிடுங்கப் போனால் மரத்துப்போக ஊசி போடாமல் யாரும் பல்லில் கை வைப்பதில்லை. கர்ப்பப்பை வாய்க்கு மட்டும் ஏன் அந்த யோசனையே வருவதில்லை? ஊசியும் குத்தும், வலி முழுதாகப் போகாது, எல்லோருக்கும் அது வேண்டியிருக்காது என்பதெல்லாம் தெரியும். வேண்டுமா என்று கேளுங்கள், முடிவை எங்களிடம் விடுங்கள்.

இதெல்லாம் நான் புதிதாகக் கேட்பதில்லை. வெளிநோயாளியாக வந்து கர்ப்பப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்கிற பெண்களுக்கு வலி குறைக்கும் வழிகளை முன்கூட்டியே விளக்க வேண்டும் என்று பிரிட்டனின் மகப்பேறு, பெண்நோய் மருத்துவர்களின் ராயல் காலேஜ் 2023இல் எழுதியது. காப்பர்-டி போடும்போது வலியைப் பற்றிப் பேசச் சொல்லியும், லிக்னோகெயின் உதவலாம் என்றும் அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2024இல் சொன்னது. மறு வருஷமே அந்த நாட்டு மகப்பேறு மருத்துவர்கள் சங்கம், கர்ப்பப்பையில் செய்கிற மற்றச் சோதனைகளுக்கும் வலிநிவாரணம் உண்டு என்று பெண்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்றது. நம் நாட்டுச் சட்டமும் எங்கள் பக்கம்தான். என்ன செய்யப் போகிறோம், எதற்கு, என்ன ஆபத்து, வேறு வழி என்ன என்று சொல்லி வாங்குவதுதான் சம்மதம் என்று உச்ச நீதிமன்றம் 2008இல், ஒரு பெண்ணின் கர்ப்பப்பையை அவளைக் கேட்காமல் எடுத்த வழக்கில், தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆண் மருத்துவர் சோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும் என்று 2019இல் மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பிய நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் இருக்கிறது. கைரேகை வைத்த சீட்டைக் காட்டிச் சம்மதம் வாங்கிவிட்டோம் என்று சொல்லாதீர்கள்.

திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்து முஸ்லிம் பெண்கள் சிலர் வலியைவிடக் கதவு திறந்து மூடுவதற்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். ஆள் போய் வருகிற பக்கம் பார்த்து மேசை கிடந்தால் எந்தப் பெண்ணால் உடம்பைத் தளர விட முடியும்? மேசையைத் திருப்பிப் போடுங்கள், இடுப்பை மூடிக்கொள்ள ஒரு துணி கொடுங்கள். மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்ததில் எங்களுக்கு ரொம்பச் சந்தோஷம். எங்கள் மீனவப் பிள்ளைகளும் அங்கே படிக்க வேண்டும். மாணவர்கள் பார்க்க வேண்டியிருக்கிறது என்றால், அவள் உடையோடு உட்கார்ந்திருக்கும்போதே கேளுங்கள். பலரும் சம்மதிப்பார்கள். முடியாது என்றால் அதற்காக அவளிடம் முகம் சுளிக்காதீர்கள்.

இன்னொன்று, எழுதவே கஷ்டமாக இருக்கிறது. தொட்டாலே நடுங்குகிற சில பெண்களுக்குப் பின்னால் வீட்டுக்குள் நடந்த கொடுமை இருக்கும். அதை அவர்கள் உங்களிடம் சொல்லமாட்டார்கள், துணைக்கு வந்த என்னிடமே சொன்னதில்லை. "முன்னால ஏதாவது சிரமமா நடந்திருக்கா? எப்படிச் செஞ்சா உங்களுக்குத் தோதா இருக்கும்?" என்று தனியாக வைத்துக் கேட்டால், காரணத்தைச் சொல்லாமலே தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிடுவாள். உள்ளே விரித்துப் பார்க்கிற கருவியைத் தானே வைத்துக்கொள்கிறேன் என்று ஒருத்தி கேட்டால் விடுங்கள். அப்படிச் செய்யலாம், செய்கிறார்கள்.

செவிலியர் சகோதரிகளே, கடைசி வேண்டுகோள் உங்களிடம். டாக்டரின் கண் வேலையில் இருக்கும். எங்கள் முகத்தைப் பார்க்க அந்த அறையில் இருப்பவர் நீங்கள்தான். கையைத் தூக்கினால் முதலில் உங்களுக்குத்தான் தெரியும். "டாக்டர், நிறுத்தச் சொல்றாங்க" என்று நீங்கள் சத்தமாகச் சொல்ல வேண்டும், அதைச் சொன்னதற்காக உங்களை யாரும் கடிந்துகொள்ளாதபடி மருத்துவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பக்கத்திலிருந்தும் வேலை செய்யத் தயார். காலையில் ஏதாவது சாப்பிட்டு வருவது, நைட்டியும் துண்டும் நாப்கினும் கொண்டு வருவது, திரும்பிப் போக ஆள் ஏற்பாடு செய்துகொள்வது, மூச்சை எப்படி விடுவது, இதையெல்லாம் குழுக் கூட்டத்தில் பேச ஆரம்பித்திருக்கிறோம். பயாப்சியும் காப்பர்-டியும் செய்கிற நாளில் எங்களில் ஒருத்தி அந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, காத்திருக்கிறவர்களிடம் பேசுவாள். சம்பளம் வேண்டாம், அனுமதி கொடுத்தால் போதும். என்ன பேசலாம், என்ன பேசக்கூடாது என்று முதலில் ஒரு மணி நேரம் நீங்கள் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டும். எந்தக் கிழமை வரலாம் என்று உங்கள் ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லி அனுப்புங்கள், வந்துவிடுகிறோம்.

அன்புடன்,
பாம்பன் பக்கத்து மகளிர் குழுவிலிருந்து ஒருத்தி