வேலை நடக்கும் இடத்தில் 30 போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் ஏ4 வீதிக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. இந்த ஒடுங்கிய எழுவான்கரையில் பஸ்ஸையும் டிப்பரையும் திருப்பிவிட ஏற்ற வேறு வீதி அநேக இடங்களில் இல்லை. மதகு கட்டினாலும் காபட் போட்டாலும் பாதி வீதியில் வேலை, மறுபாதியில் போக்குவரத்து. குனிந்து நிற்கும் வேலையாளின் முதுகுக்கும் பஸ்ஸின் பக்கக் கண்ணாடிக்கும் இடையே சில வேளை ஒரு முழம்கூட இருக்காது.

மணிக்கு 60 கிலோமீற்றரில் வரும் சாரதி, ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை விநாடி எடுத்தால் அதற்குள்ளேயே வாகனம் 25 மீற்றர் ஓடிவிடும். பிறகு காய்ந்த தார் வீதியில் நிற்க இன்னும் ஏறத்தாழ 20 மீற்றர் வேண்டும். கிறவலில் அதைப்போல் இரண்டு மடங்கு. 30இல் வந்தால் மிதிக்குமுன் ஓடுவது பன்னிரண்டரை மீற்றர், பிரேக் பிடித்தபின் ஓடுவது கால்வாசி. அரைக் கிலோமீற்றர் வேலைத்தளத்தை 30இல் கடந்தால் நமக்குப் பிந்துவது அரை நிமிடம்தான்.

மோட்டார் சைக்கிள்காரர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் காபட் போட்டு மறுபக்கம் போடாத இடத்தில், நடுவே இரண்டு அங்குலப் படி ஒன்று நீளத்துக்கு நிற்கும். அதை ஒட்டியபடியே ஓடி மெல்ல ஏறப் பார்த்தால் முன்சில்லு விளிம்பில் உரசி, ஏறாமல் வழுக்கி, ஹாண்டிலைப் பறித்துவிடும். சற்று விலகி, வேகத்தை நன்றாகக் குறைத்து, விளிம்பைக் குறுக்கே வெட்டித்தான் ஏற வேண்டும். சிதறிய சல்லியில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தாலும் இதே கதிதான். தூசி அடங்க பவுசர் தண்ணீர் தெளித்துப்போன கிறவலும் சேறாகி வழுக்கும். முன்னால் பிள்ளையை இருத்திக்கொண்டு வருவோர் தயவுசெய்து இதை நினைவில் வைத்திருங்கள்.

தார் தெளித்துப் புதிதாகச் சல்லி பரப்பிய இடத்தில் வேகம் கூடினால் கல் தெறித்துப் பின்னால் வருபவரின் கண்ணாடி உடையும். ஒட்டுமுன்னே கல் கழன்று வீதியும் மொட்டையாகும்.

கொடி பிடிப்பவர் சிவப்பைக் காட்டினால் எதிர்ப்பக்க வாகனங்கள் புறப்பட்டுவிட்டன என்று அர்த்தம். 'சின்ன வாகனம்தானே' என்று ஆட்டோ உள்ளே புகுந்தால் நடுவழியில் பஸ்ஸுக்கு நேரே போய் நிற்கும். ஒதுங்க இடம் இருக்காது. பக்கத்தில் வெட்டிய குழி.

சாரதிகளை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. வேலை முடிந்து வாரக்கணக்காகியும் எச்சரிக்கைப் பலகை நின்றால், அடுத்த பலகையை யார் நம்புவார்? ஒப்பந்தக்காரர் அதை அன்றைக்கே அகற்ற வேண்டும். முதல் பலகையைக் குழிக்குப் பக்கத்தில் நட்டும் பயனில்லை; வேகம் குறைக்க இடம்விட்டு நூறு மீற்றராவது முன்னே நட வேண்டும். இரவில் கறுத்தத் தார்ப் பீப்பாயும் முறித்துப்போட்ட மரக்கிளையும் கிட்ட வரும்வரை தெரியாது. பீப்பாயில் இரு திசைக்கும் தெரியும்படி ஒளிதெறிக்கும் பட்டி ஒட்டுங்கள். மார்கழி மழையில் வெட்டிய குழி நீர் நிறைந்து வீதியோடு மட்டமாகத் தெரியும்; அதை மூடி இறுக்கும்வரை அந்தப் பீப்பாய்கள் அங்கிருந்து நகரக் கூடாது.

வாசகர்,
களுவாஞ்சிகுடி