பட்டாளத்துக்காரர் சாவுக்கு பசங்க பைக்குல போனா என்னங்க தப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க,

போன வாரம் நம்ம பேப்பர்ல வாசகர் கடிதம் பகுதியில ஒருத்தர் எழுதியிருந்தார், பெருந்துறை பக்கம் ஒரு சாவு வண்டிக்கு முன்னாடியும் பின்னாடியும் இளவட்டப் பசங்க பைக்குல போயி ரோட்டையே அடைச்சுட்டாங்க, கட்சிக்காரன் ஊர்வலத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு. அந்த பைக்குகளுக்குப் பின்னாடி கார்ல வந்தவன் நான், இறந்தவர் எனக்கு சித்தப்பா முறை, அதனால ஒரு பதில் எழுதியே ஆகோணும்னு எழுதறேன்.

அவரு ஊருக்குள்ள பட்டாளத்து அப்பாருன்னு சொன்னாத்தான் தெரியும். குன்னூர் பக்கம் வெலிங்டன்ல மெட்ராஸ் ரெஜிமெண்ட் சென்டர்ல ட்ரெய்னிங் எடுத்துட்டு போனவரு, 1971 பாகிஸ்தான் சண்டையில மேற்கு எல்லையில இருந்தாரு, அதுக்கு குடுத்த பஸ்சிமி ஸ்டார் மெடல் ஊட்டுல இருக்கு. ஹவில்தாரா ரிட்டயர் ஆகி வந்து ஸ்பின்னிங் மில்லுல வாட்ச்மேன் வேலை பார்த்தாரு, கேட்டுக்குள்ள வர்ற பஞ்சு லாரி டிரைவருக்கும் முதலாளிக்கும் ஒரே சல்யூட்தான், அதுல கூடுதல் குறைச்சல் கிடையாது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில உசுரு போச்சு.

நிறைய பேருக்கு தெரியாத விசயம் ஒண்ணு இருக்குங்க. சர்வீஸ்ல இருக்கறப்ப உசுர விட்டா ராணுவமே பெட்டிமேல கொடி போர்த்தி ஊருக்கு கொண்டாந்து வானத்தப் பார்த்து குண்டு முழங்கி மரியாதை பண்ணும். 2021 டிசம்பர்ல குன்னூர் காட்டேரி கிட்ட ஹெலிகாப்டர் விழுந்து முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தும் கூட வந்தவங்களும் இறந்தப்ப வெலிங்டன்ல இருந்து சூலூர் விமானப்படைத் தளத்துக்கு ஆம்புலன்ஸ் வரிசையா எறங்கி வந்துச்சு, மேட்டுப்பாளையம் தடத்துல சனம் ரெண்டு பக்கமும் நின்னு பூவ அள்ளி எறிஞ்சுது, அத நம்ம எல்லாரும் டிவில பார்த்தோம். ஆனா வேலைய முடிச்சு பென்சன் வாங்கிட்டு வயசாகி படுக்கையில சாகற ஹவில்தாருக்கும் நாயக்குக்கும், பெரிய வீரப் பதக்கம் ஏதாச்சும் வாங்கியிருந்தா ஒழிய, பிகிள்னு சொல்ற ராணுவ ஊதுகொம்பு சத்தமோ துப்பாக்கி மரியாதையோ தானா வந்து சேராதுங்க. எங்க சித்தப்பாவுக்கும் வரல. வந்தது இந்தப் பசங்கதான்.

அமெரிக்காவுல இதுக்கு சட்டமே இருக்கு. 2000-ம் வருசத்துல இருந்து, ஒழுங்கா சர்வீஸ் முடிச்ச எந்தப் பட்டாளத்துக்காரர் இறந்தாலும் குடும்பம் கேட்டா குறைஞ்சது ரெண்டு சீருடைக்காரங்க வந்து கொடிய மடிச்சு குடும்பத்து கையில குடுத்து, டேப்ஸ்னு சொல்ற அந்த பிகிள் ட்யூனையும் கேக்க வைக்கோணும். அது போதாதுன்னு அங்க பைக்குக்காரங்க கூட்டமும் ஒண்ணு இருக்கு, பேட்ரியாட் கார்டு ரைடர்ஸ்னு 2005-ல கான்சாஸ்ல ஆரம்பிச்சது. ஆரம்பிச்ச காரணத்தக் கேட்டா வயிறு எரியும், டொபீகாங்கற ஊர்ல இருக்கற ஒரு சர்ச் ஆளுங்க, சண்டையில செத்த பசங்களோட அடக்கத்துக்கு எதிர்லயே போயி நின்னு, இவன் செத்தது சாமி குடுத்த தண்டனைன்னு அட்டை புடிச்சுட்டு இருந்தாங்க, பெத்தவங்க கண்ணுல அது படக்கூடாதுன்னு இவங்க கொடியோட நடுவுல வரிசையா நின்னு மறைச்சாங்க. குடும்பம் கூப்புட்டாத்தான் போவாங்க, கூப்புடாத எடத்துக்கு போறதில்ல, பைக்கு இல்லாதவங்க கூட அதுல சேரலாமாம்.

நம்ம பசங்க அதையெல்லாம் படிச்சுட்டு வந்தவங்க இல்லீங்க. என்ற தம்பி மகன் வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் போட்டான், அவிநாசி ரோட்டுல வந்து சேர்ந்துக்கிட்டாங்க, பாதி பேர ஆருன்னே எங்களுக்கு தெரியாது. புல்லட்டு, பல்சரு, ஒரு பழைய டிவிஎஸ் எக்செல் கூட இருந்துது, அது பாவம் பின்னாடியே மூச்சு வாங்கிட்டு வந்துச்சு. விஜயமங்கலம் டோல்கேட்டுல ஆம்புலன்ஸ் நின்னப்ப அத்தனை பேரும் வண்டிய ஆஃப் பண்ணிட்டு ஹெல்மெட்ட கழட்டி கையில வெச்சுக்கிட்டு நின்னாங்க, ஒரு ஹாரன் இல்ல. கட்சி ஊர்வலத்துல இத பார்த்திருக்காரான்னு அந்த வாசகர கேக்கோணும்.

தப்பே நடக்கலைன்னு சொல்ல வரல. ஒருத்தன் ஆர்வத்துல தேசியக் கொடிய ஆம்புலன்ஸ் முன்னாடி விரிச்சு கட்டிட்டான். முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துல இருந்து வந்த பெரியவர் ஒருத்தர் அதப் பார்த்ததும் வண்டிய ஓரங்கட்டச் சொல்லி அவரே அவுத்து மடிச்சு அவன் கையில குடுத்தாரு. 2002 கொடி விதிப்படி வண்டி மேல போர்த்தக் கூடாது, ராணுவ, அரசு மரியாதையோட நடக்கற அடக்கத்துல தவிர பொணத்து மேலயும் போர்த்தக் கூடாது, அப்படி போர்த்தறப்பவும் காவி தலைமாட்டுல வரோணும், கொடி குழிக்குள்ளயோ சிதையிலயோ போகக்கூடாது கண்ணுன்னு பொறுமையா சொன்னாரு. கொடிக்கு பதிலா என்ன பண்ணாருன்னா, ஊட்டுல கோடி போட்டு முடிஞ்சதும் சித்தப்பாவோட தொப்பியவும் அந்த மெடலையும் நெஞ்சு மேல வெச்சு, செருப்ப கழட்டிட்டு வெறைப்பா நின்னு ஒரு சல்யூட் அடிச்சாரு, எங்க சின்னம்மா அதுவரைக்கும் அழுகவே இல்ல, அப்பத்தான் அழுதாங்க.

இன்னொண்ணு, பெருந்துறையில குறுக்கு ரோட்ட ரெண்டு பசங்க மறிச்சு நின்னது தப்புதான், அத ஒத்துக்கறேன். மெடிக்கல் காலேஜுக்கு உசுருக்குப் போராடறவங்கள கொண்டு போற தடம் அது, அவசர ஊர்திக்கு வழி விடலைன்னா பத்தாயிரம் ரூவா அபராதம்னு சட்டமே இருக்கு, பட்டாளத்துக்காரர் பொணமா இருந்தாலும் உசுரோட இருக்கறவனுக்குத்தான் மொதல்ல வழி. சைலன்சர மாத்தி படபடன்னு வெடிக்க விடற வண்டிக்காரன இந்த மாதிரி காரியத்துக்கு கூப்புடவே கூடாது. ஸ்டேசன்ல முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லிட்டு, இடது ஓரமா ரெண்டு ரெண்டு பேரா போனா யாரு என்ன சொல்லப்போறாங்க.

நான் கேக்கறது இதுதான். மாவட்டங்கள்ல முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கு, சாவுச் செய்தி எப்படியும் பென்சன் விசயமா அங்க போகத்தான் போகுது, குடும்பத்துக்கு சம்மதம்னா அன்னைக்கே சங்கத்துக்கும் இந்த மாதிரி பசங்களுக்கும் ஒரு போன் போட்டா போதும். முக்கியமா பிள்ளைங்க எல்லாம் வெளிநாட்டுல இருக்கற ஊட்டுக்கும், ஆருமே இல்லாம ஹோம்ல கெடந்து சாகறவங்களுக்கும். அவங்களுக்கு பந்தம் புடிக்க ஆளில்லைன்னாலும் கூட வர நாலு வண்டியாச்சும் இருக்கட்டும்.

சாவு ஊர்வலத்துல ரோட்டு நடுவுல சரவெடி கொளுத்தறாங்களே, அதப் பத்தி அந்த வாசகர் ஒரு கடிதம் எழுதினா மொத கையெழுத்து நான் போடறேனுங்க.

இப்படிக்கு,
பெருந்துறை வட்டார வாசகர்