காணாமல் போன புள்ளி

ஏய் குண்டூசி,

எட்டு மாதமாகப் பதில் போடவில்லை. திட்டுவதை இப்போதே திட்டி முடித்துவிடு, மீதியை நிம்மதியாகப் படிக்கலாம். அம்மா நலம், மூட்டுவலி பழையபடி. எனக்குக் கண்ணாடி பவர் மறுபடி ஏறிவிட்டது. ஊருக்கெல்லாம் படத்தைத் தெளிவாக்குகிறவளுக்கு இந்தக் கதி. சிரித்துக்கொள்.

விஷயம் இதுதான்: என் மாணவனோடு பெரிய சண்டை. மூன்று வாரமாக என் அறைப் பக்கமே வருவதில்லை.

அவனுக்கு சி.டி. ஸ்கேன் படங்களில் வேலை. கதிர்வீச்சைக் குறைத்து எடுத்தால் நோயாளிக்கு நல்லது. ஆனால் டிடெக்டருக்கு வந்துசேரும் ஃபோட்டான், அதாவது கதிர்த் துகள், குறைந்து, படம் மணலை வாரி இறைத்ததுபோல் ஆகிவிடும். அந்த மணலைச் சலித்தெடுக்க ஒரு நியூரல் நெட்வொர்க் செய்திருக்கிறான், ஏராளமான படங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் நிரல். எண்களெல்லாம் பிரமாதம். கட்டுரையை அனுப்புகிற நாளன்று, சும்மா இருக்காமல், ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முழு டோஸில் எடுத்த படத்தில் கல்லீரல் ஓரமாக ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி. இவன் சுத்தம் செய்ததில் அது இல்லை. வழுவழுவென்று, அத்தனை அழகான கல்லீரல்!

"சராசரிப் பிழை குறைஞ்சுதானே இருக்கு மேடம்?" என்கிறான். குறையாமல் என்ன செய்யும்? படம் 512-க்கு 512 என்றால் 2,62,144 பிக்சல், சராசரி அத்தனைக்கும் சேர்த்து. புள்ளி ஐந்துக்கு ஐந்து, 25 பிக்சல். பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அதை அடியோடு துடைத்தாலும் சராசரிக்கு ஒன்றும் வலிக்காது. அந்தப் படத்துக்குரிய ஆளுக்கோ அந்த 25-தான் எல்லாம்.

நீ உடனே மடக்குவாய், தெரியும்: "உன் கேமராவே பாதி ஊகம்தானே?" பாதியில்லை, மூன்றில் இரண்டு. கோடாக்கில் இருந்த பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அந்த வண்ணச் சல்லடைதான் இன்றும் பெரும்பாலான கேமராக்களில். ஒவ்வொரு பிக்சலும் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கும், மற்ற இரண்டும் பக்கத்துப் பிக்சல்களிடம் கேட்டு எழுதியவை. ஆனால் அது பக்கத்து வீட்டில் விசாரிப்பது. இவன் நெட்வொர்க் செய்வதோ, முன்பின் தெரியாத ஆயிரம் பேருடைய கல்லீரலைப் பார்த்துவிட்டு, உன்னுடையதும் இப்படித்தான் இருக்கும் என்று எழுதுவது.

இவ்வளவு நியாயம் பேசுகிறேனே, ராத்திரி படுத்தால் வேறு ஒன்று அரிக்கிறது. என் முனைவர் பட்டமே படத்தில் ஓரம் எது, மூலை எது என்று கண்டுபிடிக்கக் கையால் சூத்திரம் எழுதி வாங்கியது. 2012-இல், படத்தில் இருப்பது என்னவென்று கணினி சொல்லவேண்டிய இமேஜ்நெட் போட்டியில், அலெக்ஸ்நெட் என்ற நியூரல் நெட்வொர்க் வந்தது. அதன் பிழை 15.3 சதவீதம், இரண்டாம் இடத்துக்கு 26.2. அன்று உனக்கு போன் போட்டு ஒரு மணி நேரம் புலம்பினேன். "மண்பானைக்காரி பிளாஸ்டிக்கைப் பார்த்துட்டியா?" என்றாய். பாவி, இன்னும் மறக்கவில்லை. அந்த வயிற்றெரிச்சல்தான் இப்போது நேர்மை வேஷம் கட்டிக்கொண்டு வந்திருக்கிறதா? அவன் வேலை தேடுகிற நேரம், அந்தக் கட்டுரை அவனுக்குச் சோறு. அனுப்பாதே என்று நான் சொன்னதில் எத்தனை பங்கு நோயாளிக்காக, எத்தனை பங்கு எனக்காக? உன்னைத் தவிர யாரிடமும் இதைக் கேட்க முடியாது. நம்ம 'தலைகீழ் லென்ஸ்' வாத்தியார் இருந்திருந்தால் ஒரு முறை முறைத்தே பதில் சொல்லியிருப்பார்.

சரி, அவன் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் நேற்று ஆய்வகத்தைப் பூட்டப் போனபோது அவன் கணினியில் ஏதோ புதிதாக ஓடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். கோப்பின் பெயர் 'புள்ளி_2'.

உடனே பதில் போடு. எட்டு மாதம் எடுத்துப் பழிவாங்காதே.

உன்
சோடாப்புட்டி